மூன்று நாற்காலி உயரம்

என் இடது இடுப்பில் இப்போது இருப்பது என்னுடையது அல்ல. பீங்கானில் ஒரு பந்து, உலோகத்தில் ஒரு கிண்ணம், தொடை எலும்புக்குள் அடித்து இறக்கிய ஒரு தண்டு. இதையெல்லாம் டாக்டர் மேசைமேல் பரப்பிக் காட்டியபோது, பாதி வாழ்க்கையை இரும்புக் கடையில் கீலும் கொண்டியும் விற்றே கழித்த எனக்கு முதலில் வந்தது பயமல்ல. நல்ல சரக்கு என்றுதான் தோன்றியது. பந்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். பயம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகள் மூச்சைக் காப்பாற்றிவிட்டு, கூலியாக இடுப்பை எடுத்துக்கொண்டிருந்தன. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகவில்லை. "அந்த எலும்பு செத்துப் போச்சுங்க" என்றார் கோயம்புத்தூர் டாக்டர், வாடகைக்குக் குடியிருந்தவர் காலி பண்ணிவிட்டார் என்பதுபோல. தன்னில் ஒரு பகுதி முன்கூட்டியே மவுத்தாகிவிட்டது என்று கேள்விப்படுகிறவன், மீதிப் பகுதிகளிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பிக்கிறான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "தரையில உக்காரலாமுங்களா?"

"இனிமேலா? வேண்டாமுங்க."

"ஒரே ஒரு நாள். ஒரு கால் மணி நேரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்தக் கால் மணி நேரம் என்னவென்று சொன்னேன்.

என் ஒரே மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். மழைக்காலம் முடிந்துதான் லீவு. எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் பள்ளிவாசலில், பாயில் நடக்கும். பெண்ணின் அத்தா மாப்பிள்ளைக்கு எதிரே, முட்டியோடு முட்டி தொட உட்கார்ந்து, அவர் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, மகளை உனக்குக் கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தில் உள்ள வேலை அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் பந்தல்காரரும் பிரியாணிக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்தே நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகை. கல்லூரி முடித்ததிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

"சேர் போட்டு உக்காருங்க, யாரு வேண்டாங்கறாங்க?" என்றார் டாக்டர். "ஆனா ஆபரேசன் முடிஞ்சு மூணு மாசம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோணும். அதுக்குள்ள குனிஞ்சீங்கன்னா கழண்டுக்கும்."

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி எழுத எதுவுமில்லை. முதுகில் ஊசி போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற தாளத்தை வைத்துப் பார்த்தால் தொழில் தெரிந்த ஆள் என்று பட்டது. அது என் எலும்பு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மலையாள எல்லைக்குள், பெருமாட்டிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, என் தம்பி கட்டிலுக்கு நாலு பக்கமும் சிமெண்ட் கல் வைத்து உயர்த்தியிருந்தான். கக்கூசுக்கு மேலே உயரமான வளையம் ஒன்று மாட்டியிருந்தான். உட்காருவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு கெட்டி மெத்தையும் போட்டிருந்தான். வாக்கரைப் பிடித்தபடி முதல் தடவை அதில் ஏறி உட்கார்ந்ததும் கூடத்தில் இருந்த எல்லோருடைய உச்சந்தலையும் எனக்குத் தெரிந்தது. தம்பிக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

உடற்பயிற்சி சொல்லித்தர, பக்கத்து டவுனான சிற்றூரிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மலையாளம் மட்டும் பேசுவாள். அவளுக்கு ஒரே மந்திரம்தான். "இக்கா, முட்டு எப்போழும் அரையேக்காள் தாழெ ஆயிருக்கணம்." அண்ணா, முட்டி எப்போதும் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று. அதைத் தவிர அவள் சொன்னதெல்லாம் "பேடிக்கண்டா இக்கா" என்பதுதான். பயப்படாதீர்கள் என்று ஒருவர் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

படுத்துக்கொண்டே படிக்கலாம் என்று பல வருடமாகத் தள்ளிப்போட்ட தடித்த புத்தகங்களைத் தலைமாட்டில் அடுக்கச் சொல்லியிருந்தேன். நோயில் விழுந்தவர்கள் வாழ்வின் சாரத்தை உணர்வதாகப் பல புத்தகங்களில் வருகிறது. மல்லாந்து படுத்தபடி அறுநூறு பக்கப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் முதலில் உணர்வது கை வலி. பிறகு தூக்கம் வரும், புத்தகம் மூக்கில் விழும். சாரம் எதுவும் என்னிடம் வரவில்லை. வந்தது மலச்சிக்கல்.

நோயாளியைப் பார்க்க வருவது எங்களிடையே கடமை. யாரும் தவறவிடவில்லை. ஆப்பிள், ரொட்டி, இதே ஆபரேஷன் செய்துகொண்டு எழுந்திருக்காமலே போன ஒருவரின் கதை, மூன்றையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். எலப்புள்ளியில் ஒருவர், தத்தமங்கலத்தில் ஒருவர். எங்கள் வட்டாரத்தில் இத்தனை பேருக்கு இடுப்பு இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வந்தவர்கள் தாழ்ந்த திவானில் அமர்ந்து அண்ணாந்து பேசினார்கள். நான் மூன்று நாற்காலி உயரத்திலிருந்து, வழக்கைக் கேட்கிற ஜட்ஜ் மாதிரி தலையசைத்தேன். சம வயதுக்காரர்களிடம் அது வேடிக்கையாக இருந்தது.

"ஏனுங்க மொதலாளி, மேல காத்து நல்லா வருதுங்களா?" என்று கேட்டான் என் கடைக்குப் பக்கத்து இரும்புக் கடைக்காரன்.

"வருது. உன்ற கடை சரக்கோட துரு வாசமும் சேந்து வருது."

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். வாசல்வரை போய், தென்னந்தோப்புக்கு நடுவே வருகிற கணவாய்க் காற்றில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மிச்சமிருந்தது ஒரு விஷயம். நிக்காஹை நாற்காலியில் வைத்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்க வேண்டும். பள்ளிவாசலில் நாற்காலி இருக்கிறது, கடைசி வரிசையில், தொழக் குனிய முடியாத வயசாளிகளுக்கு. ஆனால் நான் மட்டும் நாற்காலியில் இருந்தால் மாப்பிள்ளை என் காலடியில் உட்கார்ந்து கையை மேலே நீட்ட வேண்டியிருக்கும். ஊரார் முன்னால் அது பார்க்க நன்றாக இருக்காது. இரண்டு பேருமே நாற்காலியில் உட்கார வேண்டும். அதை மாப்பிள்ளையின் அத்தாவிடம் நான்தான் கேட்க வேண்டும். அவர் புதுநகரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வழக்கம் தவறாதவர்.

அவரே என்னைப் பார்க்க வந்தார். தனியாக வந்தார். கையில் ஆப்பிள் இருந்தது, கதை இல்லை. ஸலாம் சொல்லிவிட்டுத் திவானில் உட்கார்ந்தார். அவர் தொப்பியின் மேற்பக்கம் எனக்குத் தெரிந்தது. என் இடது பாதம், நான் எவ்வளவு இழுத்துக்கொண்டாலும், அவர் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றது.

பெண் கொடுக்கிறவன் உயரத்தில் உட்கார்ந்து, பெண் எடுக்கிற பெரியவர் கீழே உட்கார்ந்து, மேலிருப்பவன் கீழிருப்பவரிடம் சலுகை கேட்கிற காட்சியை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மழை, அரிசி விலை, மாப்பிள்ளையின் ஃபிளைட் என்று சுற்றினேன். அவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பதில் சொன்னார்.

கடைசியில் கைத்தடியை ஊன்றி இறங்கினேன்.

"அண்ணே, எங்க போறீங்க?" என்றான் தம்பி.

"எங்கயும் போகலடா. சம்பந்தி பக்கத்துல உக்காந்து பேசலாம்னு."

"அண்ணே, அது தாழ்வா இருக்குது..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

திவானில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி இடுப்பைவிட மேலே போனது. அது தெரிந்தே உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிடம் எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நாங்கள் விலை சொல்வதுபோல.

கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுக்காகவா சம்பந்தி இம்புட்டு நேரம் மழையப் பத்திப் பேசினீங்க? ரெண்டு சேரு போட்டாப் போச்சு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட நானே சொல்லிடறேன். ஒடம்புக்கு முடியாதவருக்கு மார்க்கத்துலயே எடம் இருக்குதுங்களே."

அவ்வளவுதான். ஒரு வாரமாக நான் தூங்காமல் கட்டிவைத்த கோரிக்கை ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. என் மனைவி டீ கொண்டு வந்து முன்னால் இருந்த முக்காலியில் வைத்தாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்ததும் அவள் முகம் மாறியது. சம்பந்திக்கு முதல் கிளாஸை என் கையால் கொடுக்க வேண்டும் என்று எட்டிக் குனிந்தேன்.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வலியை விவரிக்க நான் முயற்சி செய்யப் போவதில்லை. படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் எழுப்பிய ஓசையும் எந்த மொழியிலும் சேர்த்தி இல்லை. சம்பந்தியின் வெள்ளை வேட்டி முழுக்க டீ. குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்த என் காலைப் பார்த்தபடி அவர் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சூடு பட்டது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கவைத்துக் கோயம்புத்தூர் கொண்டுபோனார்கள். எல்லைவரைக்கும் சாலையில் எத்தனை பள்ளம் என்பதை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். மயக்க மருந்து கொடுத்து இழுத்து உள்ளே போட்டார்கள். பிறகு எடுத்த படத்தில் கிண்ணம் நகர்ந்திருப்பது தெரிந்தது. மறுபடி திறக்க வேண்டும்.

"எதுக்குங்க கீழ உக்காந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"சம்பந்தி வந்திருந்தாருங்க. பெரியவரு. நான் மேல உக்காந்துட்டு..."

அவர் கையிலிருந்த படத்தை உறைக்குள் போட்டார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். "செரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். என் முட்டாள்தனத்தை அங்கீகரித்த ஒரே படித்த மனிதர் அவர்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு நான் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டேன். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. புண்ணிலிருந்து நீர் கசிந்தது. சீழ் பிடித்தால் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் மூட்டே இல்லாமல் படுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு இளைய டாக்டர் இன்னொருவரிடம் சொன்னார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு நான் நிஜமாகவே தூங்கவில்லை. சீழ் பிடிக்கவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து முட்டிவரை ஒரு பட்டையைக் கட்டி, கால்களுக்கு நடுவே முக்கோணத் தலையணையை வைத்து, ஆறு வாரம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, காரில் ஏற்றி இறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நிக்காஹ் அந்த ஆறு வாரத்துக்குள் விழுந்தது.

வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. தொடைச் சதை கரைந்து, தோல் பையில் போட்ட கழிபோலக் கால் கிடந்தது. முதுகில் புண் வராமலிருக்க மனைவி என்னைத் திருப்பிவிடுவாள். ஒரு நாள் திருப்பும்போது சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, ஒரு வார்த்த. 'என்னால கீழ உக்கார முடியாதுங்க'ன்னு ஒரே ஒரு வார்த்த. அவருக்குப் புரியாமயா போயிருக்கும்?"

அவருக்குப் புரிந்திருக்கும் என்பதுதான் பதில். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவள் மறுபடி என்னைத் திருப்பினாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

சம்பந்தி இன்னொரு தடவை வந்தார். உள்ளே வரவில்லை. அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி வெச்சுக்கலாமுங்க. நான் வந்ததாலதான் இதெல்லாம்."

"மாப்பிள்ளைக்கு அடுத்த லீவு எப்பங்க?"

"ரெண்டு வருசமாவது ஆகும்."

"அப்ப நடக்கட்டுமுங்க."

"அத்தா இல்லாமயா?"

"தம்பி இருக்கானுங்க. அவனுக்கு வக்காலத்துக் கொடுத்துடறேன்."

பெரிய மனதோடு சொன்னதாக அவர் நினைத்திருப்பார். உண்மையில் எனக்கு அப்போது எதிலும் பற்று இல்லை. மகளின் கல்யாணம்கூட, எங்கேயோ யாருக்கோ நடக்கிற விசேஷம்போலத்தான் இருந்தது. வலி செய்கிற வேலைகளில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது மனிதனை உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை. சுருக்கிவிடுகிறது. என் உலகம் ஒரு கால் நீளம் இருந்தது.

நிக்காஹ் அன்று காலை தம்பி புதுச் சட்டையில் இரண்டு சாட்சிகளோடு வந்தான். முதலில் மகளிடம் போய்ச் சம்மதம் கேட்டார்கள். பிறகு என் கட்டிலருகே நின்றார்கள். தம்பி கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு, என் மகளை நிக்காஹ் செய்து கொடுக்க என் பொறுப்பை உன்னிடம் கொடுக்கிறேன் என்று சொன்னேன். எனக்கென்று இருந்த வாக்கியத்தை அவனுக்குக் கொடுத்தனுப்ப இன்னொரு வாக்கியம் தேவைப்பட்டது. "அண்ணே" என்றான்.

வீடியோவில் காட்டுவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். படுத்தவன் முகத்துக்கு மேலே கைபேசியைப் பிடித்தால் பள்ளிவாசலில் கூடியவர்களுக்கு என் மூக்குத் துவாரம்தான் தரிசனமாகும். உண்மைக் காரணம், தம்பி பாயில் உட்காருவதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மனைவி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை எதிர்கொள்ள மண்டபத்துக்குப் போனாள். மகள் மட்டும், நிக்காஹ் முடிந்த பிறகு வருகிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். துணைக்கு இருந்த என் தங்கை, பூக்காரர் இன்னும் வரவில்லை என்று தெருமுனைக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அவள் பட்டுப்புடவையில் வந்து, கட்டிலருகே நின்றாள். உயர்த்திய கட்டில் என்பதால் அவள் கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் மருதாணி கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது.

"பாதத்த ஆட்டுனீங்களா அத்தா காலைல?"

"ஆட்டுனேன்."

"பொய்."

ஆட்டினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபத்து ஒலிபெருக்கியில் யாரோ "டெஸ்டிங், டெஸ்டிங்" என்பது காற்றில் வந்து வந்து போனது.

பிரச்சினை வேறு இடத்தில் ஆரம்பித்தது. கூட்டம் இருக்கும் நாளில் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் இருந்தேன். ஆனால் சாட்சிகளுக்குக் கொடுத்த டீயில் எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்கள். மறுக்கவில்லை. எதையும் மறுக்கத் தெரியாததுதான் என் பிறவி நோய், இடுப்பு அதற்குப் பிறகு வந்தது. அடக்கினேன். மகளிடம் மண்டபத்தில் பந்தி எப்படி, எத்தனை பேர் என்று கேட்டேன். பட்டை இறுக்கிய வயிற்றில் அடக்குவதற்கு இடமில்லை. நெற்றியில் வியர்த்தது.

"என்னத்தா? வலிக்குதா?"

"இல்ல கண்ணு. அத்தைய வரச் சொல்லு."

"அத்த பூக்காரரப் பாக்கப் போயிருக்காங்க. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. அவ வரட்டும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியில் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, சிறுநீருக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். வளையல் அத்தனையும் முன்கைக்குச் சரிந்து சத்தம் போட்டது.

"வேண்டாம். நீ போ. இன்னிக்கு வேண்டாம்."

"இன்னிக்கு என்ன அத்தா? வேற நாளா இருந்தா பரவால்லையா?"

"பட்டுச் சேல..."

"சேல தொவைக்கலாம். மெத்த நனஞ்சா உங்களத் தூக்கறதுக்கு இப்ப யாரு இருக்கா?"

போர்வைக்கு அடியில் பாட்டிலை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அது நடந்துகொண்டிருக்கும்போதே அழுதேன். இரண்டுக்கும் ஒரே குழாய் என்பதுபோல இரண்டும் நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தலையணைக்குப் பக்கத்தில் கைபேசி அடித்தது. தம்பி. பின்னால் ஒரே இரைச்சல், யாரோ துஆவுக்கு ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஆயிருச்சுங்க. நல்லபடியா ஆயிருச்சு. புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க."

குரலைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டேன்.

"கண்ணு! சித்தப்பா பேசுனாரு. முடிஞ்சுதாம்."

குழாய் நிற்கவில்லை. பாட்டிலைக் குலுக்கிக் கழுவுகிற சத்தம் மட்டும் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"இருங்கத்தா" என்றாள் உள்ளிருந்து. "கழுவி வெச்சுட்டு வர்றேன்."